ஒரே ரிமோட்: வானில் 400 மீட்டர், தண்ணீரில் 80 மீட்டர். ஏன்?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் டிரான்ஸ்மிட்டர், ஒரே வகை ரிசீவர். விமானத்தில் போட்டால் 400 மீட்டர் தூரத்திலும் ஒரு குறையும் இல்லை. படகில் போட்டால் 80 மீட்டரிலேயே தொடர்பு விட்டுவிட்டு வருகிறது. போன முறை தொடர்பு அறுந்ததும் படகு தானாக முழு வேகத்தில் பின்னோக்கி ஓடிக் கரையில் முட்டியிருக்கிறது. தண்ணீருக்கு 40 மெகாஹெர்ட்ஸ்தான் நல்லது என்று ஒருவர் சொன்னாராம். பழைய 40 மெகாஹெர்ட்ஸ் செட்டுக்கே திரும்பிவிடலாமா, இல்லை அதிக பவர் உள்ள புது செட் வாங்கலாமா என்று முடித்திருக்கிறீர்கள். கேள்வி வாங்குவதைப் பற்றி இருந்தாலும், முதலில் தெரிய வேண்டியது தொடர்பு எங்கே அறுகிறது என்பது. அது தெரிந்துவிட்டால் எதையும் வாங்காமலேயே சரிசெய்ய முடியலாம்.

நான் ரேடியோ தொழில்நுட்பம் படித்தவன். பல வருடமாக மாடல் படகு, விமானம் இரண்டிலும் ரிசீவர் பொருத்துவதும், கோளாறு வந்தவற்றைப் பிரித்துப் பார்ப்பதுமாக இருக்கிறேன். உங்கள் படகை நான் பார்க்கவில்லை. அதனால் எது நிச்சயம், எது என் ஊகம் என்று பிரித்தே எழுதுகிறேன்.

நிச்சயமானதிலிருந்து தொடங்குகிறேன். விமானம் வானில் இருக்கும்போது உங்கள் கையிலிருந்து அதற்கு ரேடியோ அலை ஏறக்குறைய தடையில்லாமல் நேராகப் போகிறது. படகுக்கு அப்படி இல்லை. அங்கே இரண்டு அலைகள் போய்ச் சேர்கின்றன. ஒன்று நேராக வருவது, இன்னொன்று நீர்ப்பரப்பில் பட்டுத் தெறித்து வருவது. படகின் ஆன்டெனா நீருக்கு வெகு அருகில் இருப்பதால் இரண்டும் கடக்கும் தூரம் கிட்டத்தட்ட ஒன்றே. ஆனால் இவ்வளவு தாழ்ந்த கோணத்தில் தெறிக்கும் அலை தலைகீழாகப் புரண்டு வரும். ஒன்றின் முகடு இன்னொன்றின் பள்ளத்தில் விழும், இரண்டும் ஒன்றையொன்று பெரும்பாலும் அழித்துக்கொள்ளும். மிஞ்சுவதுதான் உங்கள் ரிசீவருக்குக் கிடைக்கிறது.

இதன் விளைவை எண்ணில் பார்த்தால்தான் உறைக்கும். வெட்டவெளியில் தூரம் இரட்டித்தால் சிக்னல் நான்கில் ஒரு பங்காகும். நீர்மட்டத்தை ஒட்டிப் போகும்போது தூரம் இரட்டித்தால் பதினாறில் ஒரு பங்காகிவிடும். டிரான்ஸ்மிட்டர் உங்கள் கையில் 1.2 மீட்டர் உயரத்திலும், படகின் ஆன்டெனா நீருக்கு மேல் 3 சென்டிமீட்டரிலும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 100 மீட்டரில் வானத்துப் பாதையில் இழப்பு சுமார் 80 டெசிபல் (ஒவ்வொரு 10 டெசிபல் இழப்புக்கும் சிக்னல் பத்தில் ஒரு பங்காகும்). நீர்மட்டப் பாதையில் அது 109 டெசிபலை நெருங்குகிறது. 29 டெசிபல் என்றால் சிக்னல் ஏறக்குறைய 800 மடங்கு குறைவு என்று அர்த்தம். வானத்தில் 1 கிலோமீட்டர் தள்ளிப் பறக்கும் விமானத்துக்கே இழப்பு 100 டெசிபல்தான். அதாவது கண்ணுக்கெட்டிய தூரத்தில் மிதக்கும் உங்கள் படகுக்கு, 1 கிலோமீட்டர் தள்ளியுள்ள விமானத்துக்குக் கிடைப்பதைவிடக் குறைவான சிக்னல் கிடைக்கிறது. ரிசீவர் பெட்டியில் அச்சிட்டிருக்கும் தூரம் வானத்துக்கான கணக்கு. அதைப் படகுக்கு எடுத்துக்கொள்ளவே கூடாது.

இந்தக் கணக்கு கண்ணாடி மாதிரி அசையாத நீருக்கு. சிற்றலை அடித்தால், கரையில் சுவரோ மரமோ இருந்தால் எண்கள் இடம் மாறும். எனவே உங்கள் குளத்தில் இத்தனையாவது மீட்டரில் விடும் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் எந்தப் பக்கம் போனால் பலன் கிடைக்கும் என்பதை இது சரியாகவே காட்டும்.

சரி, பவரைக் கூட்டினால் என்ன ஆகும்? 100 மில்லிவாட்டிலிருந்து 1 வாட்டுக்குப் போகிறீர்கள், பத்து மடங்கு. வானத்தில் தூரம் மூன்று மடங்குக்குச் சற்றே மேல் கூடும். நீர்மட்டத்தில் 1.8 மடங்குகூடக் கூடாது. அதே சமயம் படகின் ஆன்டெனாவை 3 சென்டிமீட்டரிலிருந்து 12 சென்டிமீட்டருக்கு உயர்த்திப் பாருங்கள், தூரம் இரண்டு மடங்காகும். அந்த 9 சென்டிமீட்டர் உயரம் செய்கிற வேலையைப் பவரால் செய்ய வேண்டுமானால் பதினாறு மடங்கு பவர் வேண்டும். மேலும் 2.4 கிகாஹெர்ட்ஸில் எவ்வளவு பவர் வரை போகலாம் என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். ஐரோப்பாவில் உச்சவரம்பு 100 மில்லிவாட். உங்கள் நாட்டு விதியைப் பார்க்காமல் அதிக பவர் செட்டில் கை வைக்காதீர்கள். கரைப் பக்கத்து உயரமும் இதே கணக்கில்தான் சேரும். நீரோடு ஒட்டி நிற்பதற்குப் பதில் மேடான கரையில் ஏறி நின்றாலே வித்தியாசம் தெரியும்.

உயர்த்துவது என்றால் எதை உயர்த்துவது என்பதில் பலர் தவறிவிடுகிறார்கள். ரிசீவரிலிருந்து வரும் மெல்லிய ஒயரை உற்றுப் பாருங்கள். நீளமாகத் தெரிந்தாலும் அதில் பெரும்பகுதி கோஆக்ஸியல் கேபிள், உள்கம்பியைச் சுற்றிப் பின்னிய உறை இருக்கும். நுனியில் மட்டும் சுமார் 31 மில்லிமீட்டருக்கு அந்த உறை இல்லாமல் ஒற்றைக் கம்பி வெளியே நிற்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர், அதில் கால்வாசி இந்த 31 மில்லிமீட்டர். ஆன்டெனா என்பது இந்தத் துண்டு மட்டுமே. மற்றதெல்லாம் சிக்னலைக் கொண்டுவரும் குழாய். ஆகவே படகின் தளத்துக்கு மேலே ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாயை நிறுத்தி, இந்த நுனி குழாயின் உச்சியில் செங்குத்தாக நிற்கும்படி கேபிளை உள்ளே விட்டால் போதும். கேபிளின் நடுப்பகுதி உயரமாகப் போய் நுனி மட்டும் கீழே தொங்கினால் எந்தப் பயனும் இல்லை. நுனியை வெட்டுவதோ, இன்னொரு கம்பியை ஒட்டி நீட்டுவதோ கூடாது. 31 மில்லிமீட்டர் என்பது அலையோடு பொருந்திய அளவு, அதை மாற்றினால் ஆன்டெனாவே கெட்டுவிடும். கேபிள் எட்டவில்லை என்றால் ரிசீவரையே மேலே ஏற்றுங்கள், அல்லது நீளமான கேபிளோடு வரும் ஆன்டெனாவைப் போடுங்கள்.

படகு ரிசீவரை உடலுக்குள் அடியில், பேட்டரிக்குப் பக்கத்தில் வைத்து ஒயரைச் சுருட்டி உள்ளேயே ஒட்டியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இது ஊகம்தான், ஆனால் 80 மீட்டர் என்ற எண் அதற்குப் பொருந்துகிறது. அப்படி வைத்தால் ஆன்டெனா நீர்மட்டத்துக்குக் கீழே போய்விடும். நன்னீரிலேயே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சென்டிமீட்டருக்கு 2 டெசிபலுக்கு மேல் வலுவிழக்கும், உப்புநீரில் இன்னும் மோசம். படகின் உடல் கார்பன் ஃபைபராக இருந்தால் அதுவே மின்கடத்தி, உள்ளே இருக்கும் ஆன்டெனாவை மூடிப் போட்ட மாதிரிதான். ஃபைபர் கிளாஸ், மரம், சாதாரண பிளாஸ்டிக் என்றால் உடலால் பெரிய தடை இல்லை.

பழைய 40 மெகாஹெர்ட்ஸ்தான் தண்ணீருக்கு நல்லது என்று உங்களிடம் சொன்னவர் முழுக்கத் தவறாகச் சொல்லவில்லை. குறைந்த அதிர்வெண் நன்னீருக்குள் ஓரளவு இறங்கும். அதனால்தான் மாடல் நீர்மூழ்கி ஓட்டுபவர்கள் இன்றும் 27, 40, 75 மெகாஹெர்ட்ஸ் செட்டுகளைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் நீர்மூழ்கி மூழ்கிய சில சென்டிமீட்டரிலேயே தொடர்பு போய்விடும். உங்களுடையது நீருக்கு மேலே ஓடும் படகு, அந்த லாபம் உங்களுக்கு வேண்டியதில்லை. பழைய செட்டின் குறை மட்டும்தான் கைக்கு வரும். பக்கத்தில் ஒருவர் அதே கிரிஸ்டல் எண்ணில், அதாவது அதே அலைவரிசையில், டிரான்ஸ்மிட்டரைப் போட்டால் இரண்டு பேருடைய மாடலும் போச்சு. ஒரு எண்ணை ஒருவர் எடுத்தால் பலகையில் கிளிப் மாட்டி மற்றவர்களுக்குக் காட்டும் வழக்கம் கிளப்புகளில் இருந்தது இதனால்தான். விமானத்தையும் படகையும் ஒரே செட்டில் ஓட்டும் சுதந்திரமும் அப்போது கிடையாது. அமெரிக்காவில் 72 மெகாஹெர்ட்ஸ் விமானத்துக்கு, 75 தரையிலும் நீரிலும் ஓடுபவற்றுக்கு. பிரிட்டனில் 35 விமானத்துக்கு, 40 மற்றவற்றுக்கு.

2.4 கிகாஹெர்ட்ஸ் செட்டுகள் அந்தத் தொல்லையை ஒழித்த விதம் அழகானது. ரிசீவரைப் பைண்ட் செய்யும்போது, அதாவது டிரான்ஸ்மிட்டரோடு முதலில் இணைக்கும்போது, அது உங்கள் டிரான்ஸ்மிட்டரின் அடையாள எண்ணை மனதில் பதித்துக்கொள்கிறது. அதற்கப்புறம் அந்த எண்ணோடு வரும் தகவலை மட்டுமே ஏற்கும். ஆரம்பத்தில் வந்த ஸ்பெக்ட்ரம் நிறுவனத்தின் டி.எஸ்.எம்.2 முறை இரண்டு அலைவரிசைகளைத் தேர்ந்தெடுத்து அவற்றிலேயே நிற்கும். ஃபுட்டாபா நிறுவனத்தின் ஃபாஸ்ட், பின்னால் வந்த டி.எஸ்.எம்.எக்ஸ். போன்றவை நொடிக்குப் பல முறை அலைவரிசை தாவிக்கொண்டே இருக்கும். ஒரு இடத்தில் இரைச்சல் இருந்தால் அந்த ஒரு தகவல் போகும், அடுத்தது வேறு இடத்தில் வந்து சேரும். அலைவரிசை தாவுதல் புதிய யோசனையும் அல்ல. டார்ப்பிடோவை ரேடியோவில் வழிநடத்தும்போது எதிரி குறுக்கிடாமல் இருக்க நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தைலும் 1942-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார்கள். ரேடியோவில் இயங்கும் படகை நிக்கோலா டெஸ்லா நியூயார்க்கில் ஓட்டிக் காட்டியது அதற்கும் முன்னால், 1898-இல். இந்தப் பொழுதுபோக்கு படகில்தான் பிறந்தது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

அடுத்து, படகு பின்னோக்கி ஓடிய விஷயம். உங்கள் பதிவில் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது இதுதான். தொடர்பு விடுவதைவிட, விட்ட பிறகு மாடல் என்ன செய்கிறது என்பதே ஆபத்து. ரிசீவர் ஒவ்வொரு சர்வோவுக்கும் (சுக்கான் போன்றவற்றை அசைக்கும் சின்ன மோட்டார்) இ.எஸ்.சி.க்கும் (ஓட்டும் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பலகை) அனுப்புவது ஒரு துடிப்பு. அதன் நீளம் ஏறக்குறைய 1 முதல் 2 மில்லிசெகண்ட், நடு நிலை 1.5. விமானத்தின் இ.எஸ்.சி.க்கு 1 மில்லிசெகண்ட் என்றால் மோட்டார் நிறுத்தம். முன்னும் பின்னும் ஓடும் படகு இ.எஸ்.சி.க்கு நிறுத்தம் 1.5, அதற்கு 1 மில்லிசெகண்ட் என்றால் முழு வேகத்தில் பின்னோக்கி! தொடர்பு விட்டால் ரிசீவர் தானாகக் கொடுக்கும் கட்டளைக்கு ஃபெயில்சேஃப் என்று பெயர். விமானத்துக்கு அதைத் த்ராட்டில் ஸ்டிக், அதாவது வேக ஸ்டிக், அடியில் இருக்கும் நிலைக்கு அமைப்பது சரி. அதே அமைப்பு படகுக்கு அப்படியே போயிருந்தால் நீங்கள் சொன்னதுதான் நடக்கும். இதுதான் காரணம் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்வேன். ஒன்றை மட்டும் விலக்க வேண்டும். சில ரிசீவர்கள் ஃபெயில்சேஃப் அமைக்காவிட்டால் கடைசியாக வந்த கட்டளையையே பிடித்துக்கொண்டு நிற்கும். தொடர்பு விட்ட நொடியில் நீங்களே ஸ்டிக்கைப் பின்னால் இழுத்திருந்தால் அதுவும் இதே மாதிரி முடியும்.

எது என்று கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். ப்ரொபெல்லரைக் கழற்றிவிடுங்கள். கழற்ற முடியாத படகு என்றால் தாங்கி மேல் உறுதியாக வைத்து, ப்ரொபெல்லர் பக்கம் யாரும் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மோட்டாரை மெதுவாக முன்னோக்கி ஓடவிட்டு டிரான்ஸ்மிட்டரை அணையுங்கள். ஒரு நொடி, இரண்டு நொடிக்குள் மோட்டார் நிற்க வேண்டும். தொடர்ந்து ஓடினால் ரிசீவர் பழைய கட்டளையைப் பிடித்து வைத்திருக்கிறது. திசை மாறி ஓடினால் நான் சொன்ன 1 மில்லிசெகண்ட் கதைதான். ஸ்டிக்கை நடுவில் வைத்து ஃபெயில்சேஃபை மறுபடி பதிவு செய்யுங்கள். பல செட்டுகளில் பைண்ட் செய்யும் நேரத்து ஸ்டிக் நிலையே ஃபெயில்சேஃபாகப் பதியும், சிலவற்றில் மெனுவில் தனியாக இருக்கும். பதிந்ததை அணைத்துப் பார்த்துச் சரிபார்க்காமல் நம்பக் கூடாது. விமானத்திலும் ப்ரொபெல்லரைக் கழற்றிவிட்டு இதையே செய்யுங்கள். அங்கே தொடர்பு விட்டதும் மோட்டார் நின்றே ஆக வேண்டும். படகுக்கும் விமானத்துக்கும் டிரான்ஸ்மிட்டரில் தனித்தனி மாடல் நினைவகம் வைத்து, தவறான மாடல் தேர்வாகியிருந்தால் ரிசீவர் இயங்க மறுக்கும் வசதி உங்கள் செட்டில் இருந்தால் அதைக் கட்டாயம் இயக்குங்கள். படகு நினைவகத்தில் விமானத்தை எறிந்தால் கட்டுப்பாடுகள் எந்தப் பக்கம் அசையும் என்றே சொல்ல முடியாது.

தொடர்பு விடுவதற்கு ஆன்டெனா தவிர இன்னொரு காரணமும் உண்டு, அது மின்சாரம். ரிசீவருக்குள் இருக்கும் சிப்புகள் 3.3 வோல்ட்டில் இயங்குபவை. அதற்கு 5 வோல்ட் கொடுக்கிறோம். சர்வோ அழுத்தத்தில் முனகும்போது, மோட்டார் சட்டென்று வேகமெடுக்கும்போது அந்த 5 வோல்ட் ஒரு கணம் 3.5-க்குக் கீழே விழுந்தால் ரிசீவர் அணைந்து மறுபடி எழும். வெளியிலிருந்து பார்த்தால் சிக்னல் போனது போலவே இருக்கும். மலிவான இ.எஸ்.சி.களில் உள்ள லீனியர் வகை பி.இ.சி., அதாவது பேட்டரியிலிருந்து ரிசீவருக்கு 5 வோல்ட் எடுத்துத் தரும் பகுதி, அதிக வோல்ட்டேஜை வெப்பமாக மாற்றித்தான் குறைக்கிறது. முழுதாகச் சார்ஜ் ஏறிய 3 செல் லித்தியம் பாலிமர் பேட்டரி 12.6 வோல்ட். அதிலிருந்து 5 வோல்ட்டில் 1 ஆம்பியர் எடுத்தால் 7.6 வாட் வெப்பம் அந்தச் சின்னப் பலகையில் இறங்கும். விமானத்தில் காற்று அடித்துக் குளிரும். மூடிய படகுக்குள் அது வெந்து தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும். இரண்டு மாடலும் ஒரே வகை இ.எஸ்.சி. வைத்திருந்தும் படகில் மட்டும் தகராறு வருவதற்கு இது நியாயமான காரணம்.

இரண்டையும் பிரித்தறிய ஒரு கேள்வி போதும். தொடர்பு விடுவது தூரத்தைப் பொறுத்தா, த்ராட்டிலைப் பொறுத்தா? மெதுவாகப் போனாலும் அதே தூரத்தில் விடுகிறது, கரைப்பக்கம் திரும்பியதும் சரியாகிறது என்றால் ஆன்டெனா. 20 மீட்டரிலேயே வேகமெடுக்கும்போது விடுகிறது, அல்லது பத்து நிமிடம் ஓடிய பிறகுதான் விடுகிறது என்றால் மின்சாரம். உங்கள் ரிசீவர் டெலிமெட்ரி அனுப்பினால் வேலை இன்னும் சுலபம், ரிசீவர் வோல்ட்டேஜையும் சிக்னல் அளவையும் டிரான்ஸ்மிட்டர் திரையிலேயே பார்க்கலாம். வோல்ட்டேஜ் 4.5-க்குக் கீழே தொட்டாலே ஸ்விட்சிங் வகைத் தனி பி.இ.சி. ஒன்று போட்டுவிடுங்கள். அப்போது இ.எஸ்.சி.யிலிருந்து ரிசீவருக்கு வரும் மூன்று ஒயரில் சிவப்பை மட்டும் கழற்றி டேப் சுற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பி.இ.சி.யும் ஒன்றோடொன்று மோதும். பிரஷ் மோட்டாரின் தீப்பொறி இரைச்சல் பழைய செட்டுகளைப் பாடாய்ப் படுத்தியது. 2.4 கிகாஹெர்ட்ஸை அது அவ்வளவாகத் தொடாது. இருந்தாலும் மோட்டார் முனைகளில் 0.1 மைக்ரோஃபாரட் கபாசிட்டர் வைப்பதை நான் விடுவதில்லை.

ஆன்டெனாவை உயர்த்திய பிறகு ரேஞ்ச் செக் செய்யுங்கள். டிரான்ஸ்மிட்டரில் பவரைக் குறைக்கும் ஒரு நிலை இருக்கும். அதில் வைத்து 30 காலடி நடந்து போய்ப் பார்க்கச் சொல்வது வழக்கம். படகுக்கு இதை மேஜை மேல் வைத்துச் செய்தால் பொய்யான தைரியம்தான் கிடைக்கும். படகு நீரில் மிதக்க வேண்டும், ஒருவர் அதைப் பிடித்திருக்க வேண்டும், மோட்டார் ஓட வேண்டும். நீங்கள் கரையோரமாக நடங்கள். டிரான்ஸ்மிட்டர் ஆன்டெனாவைச் செங்குத்தாக நிறுத்துங்கள். அதன் நுனியைப் படகை நோக்கி நீட்டாதீர்கள், நுனி பார்க்கும் திசையில்தான் சிக்னல் மிகக் குறைவு. முதுகைத் திருப்பியும் ஒருமுறை பாருங்கள், மனித உடம்பு முழுக்க நீர், 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு நல்ல தடுப்பு. விமானத்தைப் பொறுத்தவரை, ரிசீவரில் இரண்டு ஆன்டெனா இருந்தால் ஒன்றுக்கொன்று செங்குத்தாக வையுங்கள். விமானம் எந்தப் பக்கம் புரண்டாலும் ஒன்றாவது உங்களைப் பார்க்கும்.

இத்தனைக்கும் பிறகு புது செட் வாங்கத்தான் வேண்டும் என்றால், சேனல் எண்ணிக்கையை, அதாவது தனித்தனியாக எத்தனை கட்டுப்பாடுகளை இயக்கலாம் என்பதை, பார்த்து மயங்காதீர்கள். படகுக்கு இரண்டு மூன்று, சாதாரண விமானத்துக்கு ஆறு போதும். ஒவ்வொரு சேனலுக்கும் தனித்தனியாக ஃபெயில்சேஃப் அமைக்கும் வசதி, ரிசீவர் வோல்ட்டேஜ் டெலிமெட்ரி, மாடல் நினைவகம் ஆகிய மூன்றையும் கேட்டு வாங்குங்கள். தூரமே முக்கியம் என்றால் எக்ஸ்பிரஸ் எல்.ஆர்.எஸ். என்ற திறந்தமூல முறையைப் பாருங்கள். இதில் தகவல் அனுப்பும் வேகத்தை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். நொடிக்கு 500 முறை அனுப்பினால் ரிசீவர் சுமார் -105 டெசிபல் மில்லிவாட் வரை கேட்கும் (இந்த எண் எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு மெல்லிய சிக்னலும் கேட்கும்). 50 முறையாகக் குறைத்தால் -115 வரை. பவரைத் தொடாமலேயே 10 டெசிபல் கிடைக்கிறது. பந்தயத்தில் பறக்கும் ட்ரோனுக்குத்தான் 500 தேவை, படகுக்கு 50 தாராளம். ஒரு நிறுவனத்தின் ரிசீவர் இன்னொன்றின் டிரான்ஸ்மிட்டரோடு பெரும்பாலும் பேசாது என்பதையும் நினைவில் வைத்து, கையில் இருக்கும் ரிசீவர்களைப் பார்த்து முடிவெடுங்கள்.

முதலில் ஃபெயில்சேஃபைச் சரிசெய்யுங்கள், அதுவரை படகை நீரில் இறக்க வேண்டாம். அப்புறம் ஆன்டெனா. அதன்பிறகும் 80 மீட்டரிலேயே விட்டால், ஆன்டெனா நுனி நீருக்கு மேல் எத்தனை சென்டிமீட்டர், படகின் உடல் எந்தப் பொருள், ஓடும்போது ரிசீவர் வோல்ட்டேஜ் எவ்வளவு வரை இறங்குகிறது என்று இங்கேயே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.